அப்பாவின் பழைய சைக்கிள்: கேள்வி பதில்

கேள்வி: அப்பா ஓட்டிய சைக்கிள் 15 வருடமாகத் திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. தேறுமா சார்?

பதில்: பெரும்பாலும் தேறும். மேல்துருவுக்குப் பயப்படாதீர்கள். வண்டியைக் கவிழ்த்து, பெடல் ஆக்சில் ஓடும் குழாயின் அடியைப் பாருங்கள். தண்ணீர் இறங்கித் தங்குவது அங்கேதான். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொண்டாலோ, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் விரிசல் இருந்தாலோ விட்டுவிடுங்கள். மற்றபடி முதல் செலவு ஓவராலிங்தான், அதாவது எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது. புது சீட்டெல்லாம் அப்புறம். ஆக்சில் சுழல உதவும் சின்ன இரும்புக் குண்டுகளான பால்ஸை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். முன் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்குடம்) 3/16, பின் ஹப்புக்கு 1/4 அங்குலம். தேய்ந்ததோடு புதிதைக் கலந்தால் புதிய பால்ஸே பாரம் முழுவதையும் தாங்கும். பால்ஸ் உருளும் கூம்பான கோனில் குழி விழும்.

கேள்வி: மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்கிறது. செயினா?

பதில்: காட்டர் பின்னாக இருக்கும், அதாவது பெடல் தண்டான கிராங்கை ஆக்சிலோடு பிணைக்கும் ஆணி. கழற்றிப் பாருங்கள், அதன் தட்டையான பக்கத்தில் ஆக்சில் கடித்த பள்ளம் தெரியும். புதுப் பின்னை அரத்தால் ராவி, பக்கம் முழுவதும் படியும்படி பொருத்த வேண்டும். அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே கனமான இரும்பை முட்டுக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அடி உள்ளே இருக்கும் பால்ஸில் இறங்கும். என் வண்டியில் அவசரப்பட்டு அடித்து பால்ஸ் உட்காரும் ஒரு கப்பையே கெடுத்திருக்கிறேன். நான்கு நாள் ஓட்டியபின் காட்டர் பின்னின் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: எங்கள் தெரு நல்ல மேடு. கியர் வைக்கலாமா அண்ணா?

பதில்: அவ்வளவு செலவு வேண்டாம்மா. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) போட்டால் சரியாக இரண்டு சுற்று. மேட்டில் முழங்காலுக்கு அது பெரிய வித்தியாசம். செயினைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சமதரையில் வேகம் குறையும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்பி பிரேக்குக்குப் பதில் கேபிள் பிரேக்?

பதில்: ரிம்மையும் மாற்றினால்தான் முடியும். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கிறது. கேபிள் பிரேக்குக்குத் தட்டையான பக்கவாட்டுச் சுவர் வேண்டும். ரிம் மாற்றுவதென்றால் அலுமினியமே போடுங்கள். மழையில் இரும்பு ரிம்மைவிட நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: செயின் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் (1/8) அங்குலம் கூடியிருந்தால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நழுவும்.

கேள்வி: இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது.

பதில்: அதன் மரை தலைகீழ். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, கடிகார முள் போகும் பக்கமாகத் திருப்புங்கள்.