பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரத்தை எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத ஒருவர் பெங்களூரில் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. எண்பதுகளின் ஆர்கேட் இயந்திரம் ஒன்று ஓடாத நிலையில் கைக்கு வந்திருக்கிறது. முதலில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு கேம் போர்டைக் (விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் பலகையை) கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் கடைசி வேலை. போர்டு அதற்கு முந்தையது. முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம்.

பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம் சுவரில் 230. மின்னழுத்தத்தைக் குறைக்கக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை வோல்டேஜைக் குறைக்குமே தவிர, மெயின் லைனிலிருந்து உங்களைப் பிரிக்காது. பல ஆர்கேட் மானிட்டர்களின் சேசிஸ், அதாவது திரையை இயக்கும் சர்க்யூட் பகுதி, மெயினோடு நேரடித் தொடர்புள்ளது. அதனால்தான் பெட்டியின் அடியில், மெயினிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்திருப்பார்கள். பழைய இரும்பு என்று அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் இயந்திரம் நம் 50 ஹெர்ட்ஸில் ஓடுமா என்ற கவலை வேண்டாம். நொடிக்கு எத்தனை முறை படம் வரைவது என்பதைக் கேம் போர்டே தீர்மானிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சற்றுக் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான்.

அடுத்தது கேம் போர்டுக்குப் போகும் 5 வோல்ட். அதைப் பவர் சப்ளையில் அளக்காதீர்கள், போர்டின் மீது அளந்து பாருங்கள். பழைய வயரிலும் கறுத்த இணைப்பியிலும் கொஞ்சம் தொலைந்துவிடும். அந்தக் காலத்துச் சிப்புகள் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கேம் நடுவில் தானாக ரீசெட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் 5, 12 வோல்ட் சப்ளைகள் எளிதில் கிடைக்கும். பழைய போர்டுகள் சில மைனஸ் 5-ம் கேட்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். ஜாமா என்ற, 1985-ல் வந்த பொது வயரிங் தரத்தைப் பின்பற்றும் போர்டு என்றால் அதன் இணைப்பியின் 56 முனைகளுக்கும் பொதுவான அட்டவணை உண்டு. அதற்கு முந்தையது என்றால் கம்பெனிக்குக் கம்பெனி வயரிங் மாறும், அந்தக் குறிப்பிட்ட கேமின் வரைபடத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

மானிட்டர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: புதியவர் அதைத் தொட வேண்டாம், பழைய டிவி மெக்கானிக்கைத் தேடுங்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் டயனோரா, சாலிடேர் டிவிகளின் காலத்திலிருந்து வேலை பார்த்த தமிழ்ப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னுடையதைப் பார்த்துக் கொடுத்தவர், "தம்பி, இதுவும் டிவிதான், டியூனர் மட்டும் இல்லை" என்றார். அது உண்மைதான். இரண்டிலும் நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரிகள்தான் ஓடுகின்றன. திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் வெர்ட்டிகல் பகுதி போய்விட்டது என்று அவர் கழற்றாமலே சொல்வார். டிரை சால்டர் (பிடிப்பு விட்டுப்போன பற்றவைப்பு), உப்பிய கண்டென்சர், எல்.ஓ.டி. (உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) எல்லாம் அவருக்குப் பழகிய சங்கதிகள். பிக்சர் டியூபில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட் அளவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். அதை எப்படி இறக்குவது என்பதை வீடியோவில் பார்ப்பதைவிட அவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஒரு விதிவிலக்கு: 1979-ல் அடாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் போன்ற வெக்டர் கேம்கள். அவற்றில் படம் வரிவரியாக வருவதில்லை, உருவங்களின் கோடுகளே நேரடியாக வரையப்படும். அங்கே டிவி அனுபவம் பாதி தூரம்தான் கைகொடுக்கும். எல்சிடி திரை மாட்டச் சொல்பவர்களும் உண்டு. மாட்டலாம், ஆனால் அப்புறம் எதற்கு இவ்வளவு கனமான பெட்டி?

போர்டு வேலை பெரும்பாலும் சுத்தம்தான். இணைப்பு விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சாக்கெட்டில் உள்ள சிப்புகளை ஒருமுறை தூக்கி மறுபடி அழுத்துங்கள். கேமின் புரோகிராம் எழுதப்பட்டிருக்கும், கண்ணாடிச் சன்னல் உள்ள இப்ராம் (EPROM) சிப்பின் மேல் ஒட்டிய காகிதத்தை மட்டும் உரிக்காதீர்கள். புற ஊதா ஒளி அதில் எழுதியதை அழிக்கும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் கேமே போய்விடும். போர்டில் பேட்டரி கசிந்திருந்தால் அதை எடுப்பதற்கு முன் அந்தக் கேமைப் பற்றி விசாரியுங்கள், சில போர்டுகள் பேட்டரி போனால் ஓடவே ஓடாது.

பக்கவாட்டு ஓவியங்கள் மங்கியிருந்தாலும் உப்புத்தாள் போட வேண்டாம். அமெரிக்க 25 சென்ட்டுக்குச் செய்த நாணயப் பொறிக்கு நம் காசைத் தேடி அலையவும் வேண்டாம். காசு விழும்போது அமுங்கும் சுவிட்சோடு இணையாக ஒரு பொத்தானை வயர் செய்துவிட்டால் போதும்.