தரையைத் துடைத்தவரைக் கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் வீட்டு நாய் செம்பிக்கு 9 வயது. பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. 12 கிலோ இருந்தது, இப்போது பத்தரைக் கிலோதான் இருக்கிறது. மூன்று வாரங்களாக உணவைப் பாதியில் விட்டுவிடுகிறது, பகலெல்லாம் படுத்தே கிடக்கிறது, பின்னங்கால்கள் தளர்ந்திருக்கின்றன, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வாந்தி எடுக்கிறது, மூக்கு காய்ந்து கிடக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் வாந்திக்கு ஊசி போட்டார். இரண்டாமவர், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று கேட்டார். ஆறு மாதம் இருக்கும் என்றேன். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, வயதாகிறது என்று சொல்லி அனுப்பினார். என் மாமியார் வேறு, இது ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, விடியற்காலையில் நான்தான் தரையைத் துடைக்கிறேன் என்று ஒரு மாதமாகப் புலம்புகிறார்; அதனால் இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். இரவெல்லாம் இணையத்தில் படித்துப் படித்து என் தூக்கம் போய்விட்டது. இது புற்றுநோயாக இருக்குமோ? வேறு மருத்துவரிடம் போகலாமா, சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம் இருந்தது, சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று பக்கங்களை உங்கள் அச்சமும், இரவில் நீங்கள் படித்த நோய்களின் பெயர்களும் நிரப்பியிருந்தன. செம்பியின் உடம்பைப் பற்றி உருப்படியான சேதி சொல்லும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் "மாமியார் வேறு" என்று தொடங்கி, வீட்டில் இருக்கும் தொல்லைகளோடு இன்னொன்றாகச் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இணையத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வாக்கியத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது என்று உங்கள் மாமியார் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. செம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் கண்டுகொண்டு மூன்று வாரம் ஆகிறது. உங்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு மருத்துவர்களைப் பார்த்தீர்களே, அவர்களில் ஒருவரிடமாவது தண்ணீர் விஷயத்தைச் சொன்னீர்களா? சொன்னதாக நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. வாந்தி என்று சொன்னீர்கள், வாந்திக்கு ஊசி கிடைத்தது. சோர்வு என்று சொன்னீர்கள், வயது என்ற பதில் கிடைத்தது. நாய் வாய் திறந்து சொல்லாது; கூட்டிக்கொண்டு வந்தவர் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் எங்கே தேடுவதென்று முடிவு செய்ய முடியும்.

நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழிப்பதற்கு எண்ணற்ற காரணங்கள் கிடையாது. சிறுநீரகம் பழுதுபட்டிருக்கலாம், சர்க்கரை நோய் இருக்கலாம், கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அட்ரீனல் சுரப்பியிலோ கல்லீரலிலோ கோளாறு இருக்கலாம், ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் நாய்க்குப் பசி பொதுவாகக் கூடும், வயிறு தொங்கும். செம்பியோ சாப்பாட்டைப் பாதியில் விடுகிறது. சர்க்கரை நோயிலும் முதலில் பசி கூடத்தான் செய்யும். தண்ணீர் அதிகமாகக் குடிக்கும் சர்க்கரை நோயாளி நாய் சாப்பாட்டை வெறுத்து வாந்தியும் எடுக்கிறதென்றால் நோய் முற்றி ரத்தத்தில் அமிலம் சேரத் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும், அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடிய நிலை இல்லை. ஆகவே தண்ணீர் கூடி, சோறு குறைந்து, எடையும் இறங்கியிருக்கும் உங்கள் நாயின் விஷயத்தில் சிறுநீரகம், கருப்பை, முற்றிய சர்க்கரை நோய் ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதில் கருப்பையைப் பற்றி உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன். கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று மருத்துவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. பருவம் முடிந்த பிறகு, கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாயின் உடம்பில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் இரண்டு மாத அளவுக்கு உயர்ந்தே இருக்கும். அதனால் கருப்பையின் உட்சுவர் தடித்துக் கிருமிகள் வளர இடம் கொடுக்கும். சீழ் கட்டும் நோய் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் தலைகாட்டும். அங்கே பெருகும் கிருமிகளின் நச்சு, சிறுநீரை அடர்த்தியாக்கும் வேலையைச் செய்யவிடாமல் சிறுநீரகத்தைக் கெடுப்பதால்தான் நாய் தண்ணீருக்கு அலைகிறது. கருப்பையின் வாய் திறந்திருந்தால் பின்புறம் சீழ் வடியும், வீட்டில் யார் கண்ணிலாவது படும். மூடியிருந்தால் வெளியே ஒரு துளியும் தெரியாது. அந்த வகைதான் அதிக ஆபத்தானது. நாய்க்கு வயதானதும் பருவம் நின்றுபோய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மனிதர்களைப் போல நாய்க்கு அப்படி நிற்பதில்லை. 9 வயதிலும் வரும்.

இப்போது சொல்லுங்கள், "ஆறு மாதம் இருக்கும்" என்று மருத்துவரிடம் எந்தக் கணக்கில் சொன்னீர்கள்? அந்த நாட்களில் தரையில் விழுந்த ரத்தத் துளிகளைத் துடைத்தது யார், படுக்கைத் துணியை அலசிப் போட்டது யார்? நீங்கள் இல்லை என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும், ஏனென்றால் துடைத்தவருக்கு "இருக்கும்" என்று சொல்ல வராது, நாளைச் சொல்வார். உங்கள் அத்தையிடம் போய்க் கேளுங்கள். அது ஆறு மாதமாக இல்லாமல் ஆறு வாரமாக இருந்துவிட்டால், தெரியாததைத் தெரிந்ததுபோல் நீங்கள் சொன்ன பதிலால் அந்த மருத்துவர் ஒரு பெரிய சந்தேகத்தை மனத்திலிருந்து அடித்துவிட்டார் என்றுதான் ஆகும். அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்ததே என்று ஆறுதல் தேடாதீர்கள். சீழ் கட்டினால் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் ஏறும், ஆனால் ஏறாத நாய்களும் உண்டு. சிறுநீரகத்தைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ அந்தப் பரிசோதனை எதுவும் சொல்லாது.

அடுத்தது கிண்ணம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அதுதான். ஒரு பெரியவர் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று சொல்கிறார். அந்த வீடு அதைக் கேட்டு, ஏன் குடிக்கிறது என்று யோசிக்காமல், தண்ணீரை எடுத்து வைத்துவிடுகிறது. தரை நனையவில்லை, புலம்பலும் நின்றது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. செம்பி ஆசைப்பட்டுக் குடிக்கவில்லை. நீரைத் தேக்கி வைக்க முடியாமல் உடம்பு அதைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருக்கிறது, இழந்ததை ஈடுகட்டத்தான் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்தாலும் சிறுநீர் போவது நிற்காது, உள்ளே வருவது மட்டும்தான் நிற்கும். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருக்கும் நாய் அப்படி ஒரே இரவில் வறண்டு போய் மோசமாகிவிடக்கூடும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் கிண்ணத்தை அதன் இடத்தில் வையுங்கள்.

அப்படி வைக்கும்போதே அளந்து ஊற்றுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் இருந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் மீந்ததைக் கழித்துப் பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி என்பது நாய்க்கு வழக்கமான அளவு. 100 மில்லியைத் தாண்டினால் அது நோயின் அடையாளம். பத்தரைக் கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறதென்றால் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். "நிறையக் குடிக்கிறது" என்பதைவிட அது அவருக்குப் பத்து மடங்கு உதவும். ஆனால் அளந்து முடிக்கும்வரை மருத்துவரிடம் போகாமல் இருக்க இதைச் சாக்காக்காதீர்கள். காலையில் செம்பி முதன்முதலாகச் சிறுநீர் கழிக்க உட்காரும்போது பின்னால் ஒரு சுத்தமான தட்டையான பாத்திரத்தை நீட்டிப் பிடித்து, மூடியுள்ள புட்டியில் ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சிறுநீரின் அடர்த்தியும் அதில் சர்க்கரை இருக்கிறதா என்பதும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சிறுநீரகத்தின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போகும்போதே சிறுநீர் நீர்த்துவிடும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். சிறுநீரை முதலில் பார்க்கச் சொல்வது அதனால்தான். கூடவே யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, கால்சியம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், வயிற்று ஸ்கேனும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குபவர்கள் உண்டு, கோபித்தால் கோபிக்கட்டும்.

மூக்கு காய்ந்திருப்பதை மறந்துவிடுங்கள், தூங்கி எழுந்த நல்ல நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். அதற்குப் பதிலாக மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தே கிடந்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி அடுத்தடுத்து வந்தாலோ, பின்புறம் எதுவும் வடிந்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். அவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கக் கூடியவை.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள், சொல்ல மாட்டேன். 9 வயது நாய்க்கு அது வரலாம், சில புற்றுநோய்கள் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி இதே தாகத்தையும் கொடுக்கும். ஆனால் அதுவும் நான் மேலே சொன்ன பரிசோதனைகளில்தான் பிடிபடுமே தவிர, நள்ளிரவில் நீங்கள் கைப்பேசியில் தேடும்போது பிடிபடாது. உங்கள் தூக்கம் போனதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீங்கள் ஒரு அறையில் நாய்களின் நோய்களைப் பற்றிப் படித்துக்கொண்டு விழித்திருந்த அதே இரவுகளில், அடுத்த அறையில் ஒருவர் நோயாளி நாய்க்குப் பக்கத்தில் ஈரத் துணியோடு குனிந்திருக்கிறார். நாயைப் பற்றித் தெரிந்துகொள்ள நீங்கள் எழுந்து பத்து அடி நடந்திருந்தால் போதும்.

நான் பழங்காலத்து ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஒரு உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது கொண்டுவந்தவரின் பொறுப்பு. பகலில் வீட்டில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒரு வயதான பெண்ணின் தலையில் இறக்கிவிட்டு, அவர் அதைப் பற்றி வாயைத் திறந்தால் புலம்பல் என்று பெயர் வைப்பது எனக்குச் சகிக்கவில்லை. அவர் முதுகு வளைந்து தரையைத் துடைத்தது உங்கள் நாய்க்காக. அவர் சொன்னதில் புலம்பல் பாதி இருந்திருக்கலாம், மறுபாதி நோயைப் பற்றிய சேதி. நாளை செம்பிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் தினமும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட வேண்டியிருக்கும். சிறுநீரகம் என்றால் வாழ்நாள் முழுவதும் தனி உணவு. கருப்பை என்றால் அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகு பல நாள் கவனிப்பும். இவற்றில் எந்த வேலை உங்களுடையது, எது உங்கள் கணவருடையது என்பதை மருத்துவமனையிலிருந்து திரும்பி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். விடியற்காலைத் தரையும் அந்தக் கணக்கில் சேரட்டும்.

பொறுத்துப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது. ஏற்கெனவே ஒரு மாதம் பொறுத்தாகிவிட்டது. எந்த மருத்துவர் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வயதாகிறது என்றவரிடமே திரும்பப் போகலாம், இந்த முறை அவருக்கு உண்மையான விவரங்கள் கிடைத்தால் அவரே வேறு விதமாகப் பார்க்கக்கூடும். ஆனால் நாளைக் காலை போகும்போது உங்கள் அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்ப் புட்டி உங்கள் கையில் இருக்கட்டும், செம்பி அவர் மடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எப்போது பருவத்துக்கு வந்தது, எப்போதிலிருந்து தண்ணீர் கூடியது, விடியற்காலையில் எத்தனை இடத்தில் நனைந்திருந்தது என்று மருத்துவர் கேட்பார். உங்கள் அத்தை பதில் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.