சிப்பாய்களின் சொற்களைக் கொண்டு போர் வரலாறு எழுத முடியுமா?

சாதாரணச் சிப்பாய்கள் எழுதியதையும் சொன்னதையும் ஆதாரமாகக் கொண்டு ஒரு போரின் வரலாற்றை நம்பகமாக எழுத முடியுமா என்பது கேள்வி. முடியும் என்பதே என் எண்ணம். ஆனால், தன் சொற்கள் யார் யார் கண்ணில் படும் என்பதை அந்தச் சிப்பாய் அறிந்திருந்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிப்பவர்களுக்கு இது விரைவிலேயே புரிந்துவிடும்.

1914 செப்டம்பர் இறுதியிலிருந்து மார்சேய் துறைமுகத்தில் வந்திறங்கிய பஞ்சாபியர், கட்வாலிகள், பட்டாணியர், கூர்க்காக்கள் ஆகியோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எழுதத் தெரிந்த சக சிப்பாயிடம் சொல்லி எழுதுவித்தனர். ஊரிலும் வேறொருவர்தான் அதைப் படித்துக் காட்டினார். இடையில் ரெஜிமென்ட் அதிகாரி ஒருமுறை பார்ப்பார். பிறகு பிரான்சின் பூலோன் நகரில் இந்தியத் தபால்களுக்கென இயங்கிய தணிக்கை அலுவலகம் பார்க்கும். படையின் மனநிலையை மேலிடத்துக்கு அறிவிப்பதற்காக அந்த அலுவலகம் கடிதப் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கைகளில் சேர்த்தது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பகுதிகளே. வேவு பார்க்கப்பட்டதால்தான் அக்குரல்கள் நமக்குக் கிடைத்தன என்பதை மறந்துவிட்டு, அவற்றை ஒளிவுமறைவற்ற மனப்பேச்சாக எடுத்துக்கொள்வது தவறு.

சிப்பாய்களும் ஏமாளிகள் அல்லர். கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது செம்மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்று சிலர் ஊருக்கு எழுதினர். கருமிளகு என்றது இந்தியப் படையினரை. செம்மிளகு என்றது வெள்ளையரை. தணிக்கையாளர்களுக்கு இது புரியாமலில்லை. காயம்பட்டு இங்கிலாந்தில் மருத்துவமனையில் கிடந்த ஒருவர், இது போரே அல்ல, உலகத்தின் முடிவு என்றும், நம் முன்னோரைப் பற்றி மகாபாரதம் சொல்லும் போர் இத்தகையதே என்றும் 1915 ஜனவரியில் எழுதினார். தணிக்கை அலுவலகத் தலைவர் ஹோவெல், சிப்பாய்கள் கடிதங்களில் கவிதை பாடத் தொடங்குவதையே மனக்கலக்கத்தின் அறிகுறியாகக் கருதினார். சிப்பாயின் கவிதையைக் கண்டு கவலைப்பட்ட அதிகாரி என்ற அளவில் எனக்கு அவர்மேல் ஒருவித மரியாதை உண்டு.

இக்கடிதங்களால் சொல்ல முடியாதவையும் உண்டு. 1915 மார்ச் 10 அன்று வடபிரான்சின் நவ் ஷாப்பெல் கிராமத்தை, இந்தியப் படையின் பிரிவான மீரட் டிவிஷனின் கட்வால் படையினரும் பிரிட்டிஷ் படையினரும் கைப்பற்றினர்; ஆனால் அதற்கு மேல் முன்னேற்றம் தடைபட்டது. செய்தித் தொடர்பு அறுந்ததும், பீரங்கிக் குண்டுகள் போதாமற்போனதும் அதன் காரணங்களில் அடங்கும். பதுங்குகுழியில் நின்றவனுக்கு இவை தெரிய வழியில்லை. படைத்தலைமையின் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். மறுபுறம், அந்தப் பதிவேடுகள் இறந்தவனை ஓர் எண்ணாகவே வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் காணப்படும் போர் நினைவுக் கல்வெட்டுகளும் அப்படியே: இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதற்கு மேல் ஒரு பெயர்கூட இராது.

கடிதங்களைவிட விசித்திரமான ஆதாரம் ஜெர்மனியில் இருக்கிறது. பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டோர்ஃபில் இருந்த கைதிகள் முகாமில், மொழி ஆய்வுக்காக இந்தியக் கைதிகளின் குரல்களை ஜெர்மானிய அறிஞர்கள் ஒலித்தட்டில் பதிந்தனர். 1916 டிசம்பரில் பதிவான ஒன்றில், பஞ்சாபிச் சிப்பாய் ஒருவர் தம்மைப் பற்றியே வேறொரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோலப் பேசுகிறார்: இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று, இரண்டு சேர் (பழைய அளவை) பால் குடித்து வாழ்ந்த ஒருவன் ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மானியரிடம் பிடிபட்டான், ஊர் திரும்பினால்தான் அந்த உணவு கிடைக்கும், இன்னும் இரண்டாண்டு இங்கிருந்தால் செத்துவிடுவான். அங்கே கைதிகளைப் பிரிட்டனுக்கு எதிராகத் திருப்பத் தீவிரமாகப் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்களுக்கு வேண்டியிருந்தது உச்சரிப்பு. முகாமை நடத்தியவர்களுக்கு வேண்டியிருந்தது ஆங்கிலேய வெறுப்பு. முன்பு சம்பளம் கொடுத்த அரசுக்கு வேண்டியிருந்தது விசுவாசம். அவர் பேச்சில் உச்சரிப்பைத் தவிர மற்ற இரண்டும் இல்லை.