கடையில் விற்கும் ரெடிமேட் வான்கோழி சூப் எப்படி இருக்கும்? சிங்கப்பூரில் வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

குடிக்கலாம். ஆனால் வான்கோழி சாப்பிடும் ஆசையில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். உள்ளே அதைத் தேட வேண்டியிருக்கும்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நம் பேரங்காடிகளில் உறைய வைத்த முழு வான்கோழிகள் வந்து இறங்கிவிடும். மற்ற நாட்களில் நம்மில் பலருக்கு வான்கோழி என்றால் ரொட்டிக்கு நடுவில் வைக்கிற ஹேம் துண்டுதான். நான் வாங்கியது இறக்குமதி அலமாரியில் இருந்த ஓர் அமெரிக்க டப்பா. நூடல்ஸ், கேரட், செலரி போட்டது. விலை ஆறேழு வெள்ளி. ஏறக்குறைய அதே காசுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் ஆட்டு சூப்பை ரொட்டியோடு சுடச்சுடக் குடித்துவிடலாம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவை? முதலில் உப்பு. அப்புறம் செலரி வாசம். அப்புறம் மறுபடியும் உப்பு. நூடல்ஸ் கரண்டி பட்டாலே உடைகிறது. என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா இது, கஞ்சித் தண்ணியில கோழியக் காட்டிட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்றார். அவர் கோழி என்று சொன்னது வாய் தவறி அல்ல. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொருள் பட்டியலில் கோழிச் சாறும் கோழிக் கொழுப்பும் இருந்தன. அந்தப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடியும்; வாங்கும்போது வான்கோழி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, தண்ணீர் சேர்க்காமல் அப்படியே குடிக்கிற வான்கோழி சூப்பில் வெந்த இறைச்சி 2 விழுக்காடு இருந்தாலே போதும். அரை கிலோ டப்பாவில் 10 கிராம்! அதுவும் நெஞ்சுக்கறியாக இருந்தால் இன்னும் மோசம். வான்கோழி பறப்பதைவிட நடப்பதே அதிகம் என்பதால் அதன் தொடைக்கறிதான் கருநிறமாக, நல்ல அழுத்தமான சுவையோடு இருக்கும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி சூப்பில் போட்டால் கோழியா வான்கோழியா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, டப்பாவை மூடிய பிறகு சுமார் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக வைக்கிறார்கள். கிருமி சாக வேண்டுமே, வேறு வழியில்லை. அந்தச் சூட்டில் நூடல்ஸ் குழைந்து, கறி சக்கையாகி, வாசனையும் போய்விடுகிறது. போன சுவைக்கு ஈடுகட்டத்தான் உப்பும் ஈஸ்ட் சாரமும்.

வீட்டில் எலும்பைக் கொதிக்க வைத்து எடுத்த சூப் குளிர்பதனப் பெட்டியில் ஜெல்லி போல உறையும். எலும்பிலும் சவ்விலும் இருந்து இறங்குகிற ஜெலட்டின்தான் காரணம். என் டப்பா சூப் மறுநாளும் தண்ணீராகவே இருந்தது. கெட்டியாக இருக்கிற வகைகளிலும் சோளமாவின் கைவண்ணமே அதிகம்.

உப்பு விஷயத்தை லேசாக விடாதீர்கள். என் டப்பாவில் ஒரு கோப்பைக்குச் சுமார் 700 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. ஒரு டப்பா என்பது இரண்டு கோப்பை. பசியோடு இருக்கிறவர் பாதியை வைத்துவிட்டா எழுந்திருப்பார்? முழுதாகக் குடித்தால் 1,400. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரில் நாம் சராசரியாக 3,620 சாப்பிடுகிறோம். வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் உப்பு குறைத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கியாயிற்று, வீணாக்க மனமில்லை என்றால், இப்படிச் செய்யுங்கள். கொஞ்சம் நெய்யில் தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், இடித்த மிளகு சீரகம் போட்டு வதக்கி, டப்பா சூப்பையும் அதே அளவு தண்ணீரையும் ஊற்றுங்கள். நூடல்ஸை முன்பே அரித்து எடுத்துவிடுவது நல்லது. ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டு ஒரு கொதி. உப்பு போடவே வேண்டாம். இறக்கி எலுமிச்சை பிழிந்து, மல்லித்தழை தூவினால் மழை நாளுக்குச் சுமாரான சூப். இப்படிச் செய்ததை மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். பெருமை மிளகுக்கு.

முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், பன்றி இல்லை என்பது மட்டும் போதாது. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் முத்திரையோ அது ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். என் டப்பாவில் எதுவும் இல்லை.

உண்மையான வான்கோழி சூப்தான் வேண்டும் என்றால் டிசம்பர் 26 வரை பொறுங்கள். இந்த சூப்பே அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வருகிற நன்றி சொல்லும் நாள் (தேங்ஸ்கிவிங்) விருந்துக்குப் பிறகு மிஞ்சுகிற எலும்புக்கூட்டை வீணாக்காமல் கொதிக்க வைக்கிற பழக்கத்தோடு வளர்ந்ததுதான். இங்கே யுரேஷியக் குடும்பங்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியினர்) கிறிஸ்துமஸில் மிஞ்சிய இறைச்சியை டெவில் கறி என்கிற காரமான குழம்பாக்கிவிடுவார்கள். அலுவலக விருந்தில் வான்கோழி வெட்டினால் எலும்பை எனக்குக் கொடுங்கள் என்று கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லி வையுங்கள். போட்டிக்கு ஆள் வர மாட்டார்கள்.