கர்ப்பமாக இருக்கும்போது அயோடின் கலக்காத உப்புக்கு மாறலாமா?

மாறாதீர்கள். நான் மாறினேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

‘பாக்கெட் உப்பில் ரசாயனம், இயற்கை உப்புதான் நல்லது’ என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னார்கள், கர்ப்பம் உறுதியான வாரமே உப்பை மாற்றிவிட்டேன். அந்த மாதங்களில் பால் குடித்தாலே குமட்டும், மீன் வாடையே ஆகாது. அயோடின் வரும் வழிகளை எல்லாம் நானே அடைத்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. தினமும் விழுங்கிய சத்து மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருந்தன, அயோடின் இல்லை. அட்டையின் பின்பக்கத்தைப் பிரசவத்துக்குப் பிறகுதான் படித்தேன்.

மகள் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு மந்தமானால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் அதிகம் என்று வந்தது. மறுபடி எடுத்த ரத்தத்திலும் அதிகம்தான். ஒன்பதாம் நாள் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கினார்கள். அந்தச் சின்ன மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியில் புகட்டுவேன். ஒரு துளி வழிந்தாலும் அழுகை வரும், அவளுக்கல்ல, எனக்கு. மூன்று வயதில் மருத்துவர் சொல்லி நிறுத்திப் பார்த்தோம். அளவு சரியாகவே நின்றது. இன்று நன்றாக இருக்கிறாள்.

‘உப்பால்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?’ என்று சிலர் கேட்க வருவார்கள். அப்படி நான் சொல்லவில்லை. எனக்குச் சிசேரியன். அதற்கு முன் தோலில் தடவும் கிருமிநாசினியான போவிடோன் அயோடினாலும் பச்சிளம் குழந்தையின் தைராய்டு தற்காலிகமாக மந்தமாகலாம் என்று மருத்துவரே சொன்னார். ஆனால் வயிற்றில் இருந்தபோது அவளுக்கு வேண்டிய அயோடினைக் கொடுத்தேன் என்று என்னால் சொல்ல முடியாதே. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கருவின் தைராய்டு தன் தேவைக்கு ஹார்மோன் சுரக்கத் தொடங்க ஏறக்குறைய பாதிக் கர்ப்பம் கழிந்துவிடும். அதுவரை மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அதனால் நம் தைராய்டு வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுரக்க வேண்டியிருக்கிறது. அந்த ஹார்மோனைச் செய்யத் தைராய்டுக்கு அயோடின் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் மற்ற பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் என்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250.

உடனே உப்பை அள்ளிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உப்பு குறைவாகவே இருக்கட்டும், அது அயோடின் கலந்ததாக இருக்கட்டும். கடற்பாசி மாத்திரைப் பக்கமே போகாதீர்கள். அயோடின் மிதமிஞ்சினாலும் கருவின் தைராய்டு முடங்கும். உங்களுக்கு ஏற்கெனவே தைராய்டு சிக்கல் இருந்தால் அயோடின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் என் கைபேசி எண்ணைத்தான் முதலில் எழுதியிருந்தேன். சோதனை முடிவை மருத்துவமனையிலிருந்து கணவரிடம்தான் சொன்னார்கள். ‘நீ பயந்துவிடுவாய்’ என்று அவர் ஒரு நாள் முழுக்க மறைத்தார். நாள் கணக்குப் பார்த்து மருந்து தொடங்க வேண்டிய விஷயம் அது. பெற்றவளுக்குத் தெரியக் கூடாதாம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் பிரசவத்துக்குச் சேரும் அன்றே, குதிகால் ரத்தச் சோதனையின் முடிவை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.