தர்மபுரிப் பக்கம் பெண் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைக்க வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அக்கா மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கும் அறிவியலும் நன்றாக வருகிறது. ஆனால் பிளஸ் டூ முடித்ததும் ஓசூர் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. தாய்மாமனாக நான் எப்படி அவளை ஊக்கப்படுத்துவது?

பதில்:

பிள்ளைக்கு ஆசை இருக்கிறது என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அதனால் ஊக்கப் பேச்சு அவளுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நன்றாகப் படிக்கிற பெண் பிள்ளைகள் நின்றுபோகிற இடங்கள் சில உண்டு. பிளஸ் ஒன்னில் குரூப் மாறிப்போகும், ஒரு சான்றிதழ் வந்து சேராது, கவுன்சிலிங்கில் ஒரு தேதி தவறிவிடும். அந்த இடங்களில் பெரியவர் ஒருவர் கூட நின்றால் போதும். தாய்மாமன் பேச்சுக்கு நம் பக்கத்து வீடுகளில் எடை அதிகம், அதைப் பயன்படுத்துங்கள்.

முதலில் பள்ளியை மாற்றாதீர்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும் "பிளஸ் ஒன்னுக்குத் தனியார் விடுதிப் பள்ளியில் போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் படிக்கிற பெண்களுக்கு அரசு கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் பிறகு அதை நீட்டித்தார்கள். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்குப் போனால் அங்கே கட்டும் பணத்தோடு இந்த இரண்டும் போய்விடும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கும் இதே சிக்கல் வருகிறது. கர்நாடகத்தில் ஓரிரு வருடம் படித்த பிள்ளைக்கு அந்த ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கு உடைந்துவிடுகிறது. பிள்ளைக்கு இன்னும் நல்ல பயிற்சி வேண்டும் என்று நினைத்தால் மாவட்ட அரசு மாதிரிப் பள்ளியைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயே தங்கிப் படிக்கலாம், அதுவும் அரசுப் பள்ளிதான்.

அடுத்தது குரூப். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கிற குரூப்பை எடுக்க வேண்டும். நான்காவது பாடம் உயிரியலா கணினி அறிவியலா என்பது இரண்டாம் பட்சம். அஞ்செட்டி, தளி, சித்தேரி போன்ற பகுதிகளில் பக்கத்துப் பள்ளியில் கணக்கு குரூப் இல்லை, அல்லது கணக்கு ஆசிரியர் இடம் காலி என்று வணிகவியலில் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. பெண் பிள்ளை பஸ் மாறிப் போக வேண்டாம் என்ற எண்ணமும் அதில் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒரு முடிவில் பி.இ. கதவு கிட்டத்தட்ட சாத்தப்பட்டுவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் பஸ்ஸில் போய்வருவது நான்கு வருடப் படிப்புக்கு வழி விடும்.

ஏற்கெனவே வேறு குரூப் எடுத்துவிட்ட பெண்ணுக்கும் ஒரு பாதை உண்டு. டிப்ளமோ முதலாம் ஆண்டுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மூன்று வருட டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்குத் தனிக் கவுன்சிலிங் நடக்கிறது. பணக் கஷ்டம் உள்ள வீட்டுக்கு எங்கள் பரிந்துரை பல நேரம் இதுதான். டிப்ளமோ கையில் இருந்தால் இடையில் வேலைக்குப் போக நேர்ந்தாலும் அது வெறும் பிளஸ் டூவாக இருக்காது.

இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கை இப்போதே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். மொத்தம் 200. கணக்கு மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி. கணக்கில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 80 என்றால் 84 + 38 + 40 = 162. கணக்கில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் மற்ற இரண்டைப்போல இரு மடங்கு மதிப்பு. இயற்பியலிலும் வேதியியலிலும் 70 எழுத்துத் தேர்வுக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. செய்முறையில் கோட்டை விடுவது அநியாயம்.

செய்முறை வகுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு பேர் குழுவில் பையன்கள் கருவியைக் கையில் எடுப்பார்கள், பெண் பிள்ளை அளவீடுகளை நோட்டில் எழுதுவாள், கையெழுத்து அழகாக இருக்கும் என்ற காரணத்தோடு. இரண்டு வருடம் இப்படியே போனால் மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச் சுற்றை ஒருமுறைகூடத் தன் கையால் இணைக்காமல் பிளஸ் டூ முடிந்துவிடும். பிறகு கல்லூரி ஆய்வகத்தில் கை நடுங்கும்போது "பொண்ணுக்கு மெக்கானிக்கல் வராது" என்பார்கள். வராததற்குக் காரணம் பழக்கம் இல்லாதது. ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு சோதனைக்கும் இணைப்பவர், அளப்பவர், எழுதுபவர் என்று பங்கை மாற்றிவிடலாம். மீட்டர் சமனச் சுற்றில் கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கம் மட்டும் விலகினால் பெரும்பாலும் ஏதோ ஒரு திருகு சரியாக முடுக்கப்படவில்லை, அல்லது கம்பி முனையில் துரு. முனையை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்க வேண்டும். தொடுசாவியைக் கம்பியில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது, எடுத்து எடுத்துத் தொட வேண்டும். இழுத்தால் கம்பி தேய்ந்து தடிமன் சீராக இருக்காது, அளவீடு பொய்யாகும். இப்படி ஒரு பிழையைத் தானே கண்டுபிடித்துச் சரி செய்த பெண்ணுக்கு வேறு மேடைப் பேச்சு வேண்டியதில்லை.

நம் மாவட்டங்களில் அறிவியல் ஆர்வத்துக்கு வேறு ஊர்க் கதைகளும் வேண்டாம், நிலத்தடி நீரே இருக்கிறது. பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அது ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பிள்ளையை அந்த அக்காவோடு உட்கார வையுங்கள். ஐந்து ஆழ்துளைக் கிணறுகள், கூட்டுக் குடிநீர்க் குழாய் ஒன்று என்று தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுக்காமல் பிளாஸ்டிக் குப்பியில் எடுக்க வேண்டும், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும். குப்பியின் மேல் தேதியும் கிணற்றின் ஆழமும் எழுத வேண்டும். ஆழத்துக்கும் ஃபுளோரைடு அளவுக்கும் தொடர்பு தெரிகிறதா என்று அவளே வரைபடம் போட்டுப் பார்க்கட்டும்.

இனி சான்றிதழ்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் பிளஸ் டூ படிக்கும்போதே, ஜனவரியில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் வரை போவதால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும். முதல் பட்டதாரி சலுகையில் ஒன்று கவனியுங்கள்: அது குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு மட்டும். அண்ணன் ஏற்கெனவே அதை வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. அந்த வீட்டில் தங்கைக்கு 7.5 ஒதுக்கீட்டையும், அது அமையாவிட்டால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகையையும் பார்க்க வேண்டும். பிரகதி பெண்களுக்கு மட்டும். வருடம் 50,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வேறு அரசு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆதார், டி.சி., வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்து, ஆதார் அதில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். புதுமைப் பெண் பணம் வரவில்லை என்று வருகிற புகார்களில் இந்த இணைப்பு இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் கவுன்சிலிங் முடியும் முன் எந்த ஏஜென்டிடமும், எந்தக் கல்லூரியிடமும் கொடுக்காதீர்கள்.

மிக ஆபத்தான காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. தேர்வு முடிவு வந்திருக்கும், கல்லூரி திறந்திருக்காது. கம்பெனி வேன் ஊருக்குள் வருவதும், பெண் பார்க்க வருவதும் இந்த இடைவெளியில்தான். கவுன்சிலிங்குக்கு ஆன்லைனில் பதிவு செய்து, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, தரவரிசை வந்து, சுற்று வாரியாகக் கல்லூரி விருப்பம் கொடுக்க வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நேரத்துக்குள், வழக்கமாக இரண்டு நாள், உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த சீட் போய்விடும். பதிவு செய்யும்போது கடைக்காரர் எண்ணைக் கொடுக்காமல் எப்போதும் வீட்டில் இருக்கிற எண்ணைக் கொடுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். விருப்பப் பட்டியலில் பத்தோடு நிறுத்தாதீர்கள். முப்பது நாற்பது கொடுத்தாலும் நஷ்டம் இல்லை, ஆனால் வரிசை முக்கியம்: உண்மையில் எது முதலில் வேண்டுமோ அது மேலே. பொதுப் பிரிவிலும் 7.5 பிரிவிலும் இடம் கிடைத்தால், கட்டணச் சலுகை 7.5-இல் சேர்ந்தால்தான் என்பதை மறக்காதீர்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் செட்டிக்கரையில் உள்ள தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரியும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. பர்கூர் 1994-இலும் தர்மபுரி 2013-இலும் தொடங்கியவை. சேரும் முன் ஒருநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் விடுதி அறை, குளியலறை, பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். அம்மாவின் பயம் அங்கே பாதி இறங்கும். பெண் பிள்ளை என்றாலே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஓசூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் இருப்பவை வாகன ஆலைகளும் மின்னணு ஆலைகளும். எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்குச் சொந்த மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது.

கம்பெனி வேலையைக் கேவலமாகப் பேசி வாதாடாதீர்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-இல் அறிவித்தார்கள். ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்தச் சம்பளம் பல வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது. வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே ஆலைக்குள் எந்த வாசல் வழியாகப் போகிறாள்? பிளஸ் டூவோடு போனால் லைனில் ஆபரேட்டர். டிப்ளமோ, பி.இ.யோடு போனால் தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு, உற்பத்தித் திட்டமிடல். வேலையோடு படிக்கவும் வைக்கிறோம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும், என்ன படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா, இடையில் நின்றால் பணம் பிடிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கல்யாணப் பேச்சையும் தவிர்த்துப் பேச முடியாது. பிளஸ் டூ முடிக்கையில் பெரும்பாலும் 17 வயதுதான். 18-க்கு முன் நடந்தால் அது குழந்தைத் திருமணம், சட்டப்படி குற்றம். 1098-க்குச் சொன்னால் தடுக்க வருவார்கள். முறைப்பையன் காத்திருக்கிறான் என்ற பேச்சு வந்தால் தாய்மாமனான நீங்களே "படித்து முடிக்கட்டும்" என்று சபையில் சொல்லிவிடுங்கள். வேறு யார் சொல்வதையும்விட அது செல்லும். பாட்டிமார்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் உண்டு: முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்த அரசு உதவிதான் 2022 முதல் படிக்கிற பெண்ணுக்கு மாதா மாதம் வருகிறது. சென்னையில் ஏ. லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவர் இறந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்த நிலையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின் பொறியாளராக வெளியே வந்தார், இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் அவர். செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் பக்கத்து ஊரிலிருந்து இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு அக்காவோடு பேச வைத்தால் அதன் பலன் இன்னும் பெரிது.

சேர்ந்துவிட்டாள் என்று விட்டுவிடவும் முடியாது. தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் கடினம். கணக்கு தெரியும், கேள்வியின் ஆங்கிலம் புரியாது. சேர்க்கைக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள வாரங்களில் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பைத் தமிழ்ப் பதிப்பின் பக்கத்தில் வைத்து வகையீடு, தொகையீடு, அணிகள், வெக்டர் பாடங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பாடம் தெரிந்ததுதான், சொல் மட்டும் புதிது, அதனால் சீக்கிரம் பிடிபடும். பொறியியல் வரைபடம் இன்னொரு தடை. அதைப் படித்துத் தேற முடியாது, தினமும் ஒரு படம் வரைந்துதான் தேற முடியும். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், ஊர்த் திருவிழாவுக்கும் உறவுக் கல்யாணத்துக்கும் வாரக் கணக்கில் வீட்டுக்கு அழைக்காதீர்கள். ஒரு தாளில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். அதைக் காரணம் காட்டி டி.சி. வாங்க வீட்டிலிருந்து யாரும் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.