அயல்நகரில் சிக்கிக்கொண்ட தம்பதியர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் துணையோடு பயணம் சென்றவர்களுடையவை. சட்டத்தின் பார்வையிலும் விமான நிறுவனத்தின் கணினியிலும் கணவனும் மனைவியும் தனித்தனிப் பயணிகளே. இதை மறந்ததால் விளைந்த சிக்கல்களே இவற்றுள் அதிகம்.

பாரிஸ் மெட்ரோவில் என் கணவரின் தோள்பை திருடுபோனது. இருவரின் பாஸ்போர்ட், வங்கி அட்டைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அடுத்து லண்டன் செல்லவிருந்தோம். இப்படி நேர்ந்தால் எதை முதலில் செய்ய வேண்டும்? (வாசகி, கோவை)

அட்டைகளை முடக்குவதே முதல் வேலை. அடுத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலைக் கையோடு பெற வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் தூதரகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எதுவும் நகராது. பாரிஸில் இந்தியத் தூதரகம் 16ஆம் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு நாளாகும். விரைவில் கிடைப்பது அவசரச் சான்றிதழ். அது இந்தியா திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், அதைப் பெற்றவர்களுக்கு லண்டன் திட்டம் அத்துடன் முடிந்துவிடும். இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பயணச்சீட்டை மாற்றும்போது, இடையில் வேறு நாட்டில் இறங்காத விமானமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். பை பின்னர் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யக் கூடாது.

தூதரகம் கைச்செலவுக்குப் பணம் தரும் என்று பலர் நம்புகிறார்கள். 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதி, உண்மையிலேயே வழியற்றவர்களுக்கானது. சுற்றுலா வந்தவர்களிடம் ஊரிலிருந்து பணம் வரவழைக்குமாறுதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்படி வரும் பணத்தைப் பெறவும் அடையாள ஆவணம் தேவை. உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கைப்பையிலேயே இருந்திருந்தால், பணம் பெறுவதும் விடுதியில் அறை எடுப்பதும் அன்றே முடிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒருவரே பொறுப்பாக வைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் அக்கறையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. பயணத்தில் அது ஆபத்து.

விமான ஊழியர் வேலைநிறுத்தத்தால் பிராங்பர்ட்–சென்னை விமானம் அன்று காலையில் ரத்தானது. தனித்தனியாகப் பதிவு செய்திருந்ததால் எனக்கு மறுநாளும் மனைவிக்கு மூன்று நாள் கழித்தும் இடம் தந்தார்கள். இது முறையா? (வாசகர், சென்னை)

உங்களைப் பிரித்தது தனித்தனிப் பதிவு. இரண்டு பதிவெண்களுக்குள் உறவு இருப்பதைக் கணினி தானாக அறியாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி இரண்டையும் இணைக்கச் செய்திருக்கலாம். ஆனால் உரிமைகள் இருவருக்கும் முழுமையாக உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குமுறை, ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், அவை எந்த நாட்டு நிறுவனத்துடையவையாக இருந்தாலும் பொருந்தும். இயன்ற அளவு விரைவில் மாற்று விமானம், காத்திருக்கும் காலத்துக்கு உணவு, தங்கும் விடுதி, விடுதிக்குச் சென்று வரும் வாகனம் ஆகியவற்றை நிறுவனமே ஏற்க வேண்டும். உங்கள் மனைவிக்கு அந்நிறுவனத்தின் விமானத்தில் இடமில்லை என்றால், வேறு நிறுவனத்தின் விமானத்தில் அனுப்புமாறு எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

இழப்பீடு வேறு கணக்கு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இத்தகைய பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. எரிமலைச் சாம்பல், கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது கிடையாது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தம் அத்தகைய அசாதாரணக் காரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் உணவும் விடுதியும் எந்தக் காரணத்துக்கும் மறுக்கப்படக் கூடாதவை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி பல நாட்கள் மூடப்பட்டது பற்றிய வழக்கில், இந்தக் கடமைக்குப் பண வரம்போ கால வரம்போ இல்லை என்று அதே நீதிமன்றம் 2013இல் கூறியது.

ஒரு எச்சரிக்கை: கைப்பேசிக்கு வரும் செய்தியில் ‘பணத்தைத் திரும்பப் பெறுக’ என்ற பொத்தானைப் பதற்றத்தில் அழுத்திவிடாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்ட கணத்திலிருந்து உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பும் விடுதிச் செலவும் நிறுவனத்தைச் சேராது.

மனைவி கனடா குடியுரிமை பெற்றவர். என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்; பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இல்லை. ஆம்ஸ்டர்டாமில் இணைப்பு விமானம் ரத்தானபோது அவரை மட்டும் விடுதிக்கு அனுப்ப முன்வந்தார்கள். (வாசகர், டொரண்டோ)

கனடா பாஸ்போர்ட் உள்ளவர் குறுகிய காலத்துக்கு விசா இன்றி ஷெங்கன் பகுதிக்குள் நுழையலாம். நீங்கள் குடிவரவு எல்லைக்கு இப்பால்தான் இருக்க முடியும். விதிவிலக்காக எல்லையிலேயே விசா வழங்க இடமுண்டு என்றாலும் அது அதிகாரியின் விருப்புரிமை, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மறுத்தால், பன்னாட்டுப் பயணிகள் பகுதிக்குள்ளேயே உள்ள விடுதியில் அறை கேளுங்கள். மனைவி வெளியே சென்று ஓய்வெடுப்பதானால், உங்கள் மருந்துகள் அவருடைய பையில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவின் ஷின்ஜூகு நிலையத்தில் ரயில் கதவு மூடி, நான் உள்ளேயும் கணவர் நடைமேடையிலும் ஆகிவிட்டோம். இணைய வசதி கொண்ட கைப்பேசி அவரிடம் மட்டுமே. (வாசகி, மதுரை)

நடைமேடையில் இருப்பவர் அசையாமல் நிற்க வேண்டும். ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்ப வேண்டும். இருவரும் தேடினால், இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் கொண்ட அந்த நிலையத்தில் ஒரு பொழுதே போய்விடும். விடுதியின் பெயரை ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்காக்கில் கணவருக்கு மாரடைப்பு. மருத்துவமனையில் இருந்தபோதே நாட்டில் தங்க எங்களுக்கிருந்த அனுமதிக் காலம் முடிந்துவிடும் நிலை. (வாசகி, திருச்சி)

தாய்லாந்தில் மருத்துவ அவசர எண் 1669; சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. மருத்துவமனையில் சேர்த்ததும், கட்டணம் பற்றிப் பேசுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாகத் தெரிவிப்பது கோரிக்கை மறுக்கப்பட ஒரு காரணமாகலாம். அவருக்கு முன்பே இதய நோயோ சர்க்கரையோ இருந்து அதைப் படிவத்தில் குறிப்பிடாமல் விட்டிருந்தாலும் அதே நிலைதான். கணவரின் பாலிசி உங்கள் விடுதி வாடகையையும் புதிய பயணச்சீட்டையும் ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். துணையாகத் தங்குபவரின் செலவு தனி உட்பிரிவு, அது எல்லாப் பாலிசியிலும் இருப்பதில்லை.

அனுமதிக் காலம் முடியும் முன், சிகிச்சையைக் குறிப்பிடும் மருத்துவரின் சான்றிதழோடு குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். கவனித்துக்கொள்ள உடனிருப்பவர் நீங்கள் என்பதையும் அந்தச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கணவருக்குக் கிடைக்கும் நீட்டிப்பு உங்களுக்குத் தானாக வராது. காலம் கடந்தால் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம், அதுவும் ஆளுக்கு.